பயிற்சித் திடலில் பெற்றோர்: பார்க்க விடுவதா, விலக்கி வைப்பதா?

பள்ளி விளையாட்டு விழா நெருங்கிவிட்டால் கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளின் திடல்களில் மாலைப்பொழுது கலகலப்பாகிவிடும். ஒருபுறம் ஓட்டப் பயிற்சி. மறுபுறம் அணிவகுப்பு. இன்னொரு மூலையில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எனப் பிரிந்த இல்லங்களின் உற்சாகக் குழுக்கள் கையில் வண்ணத் தாள் குஞ்சங்களுடன் தாளம் தவறாமல் ஆடிப் பழகிக்கொண்டிருக்கும். மலாய் மொழியில் 'பாசுக்கான் சோராக்' என்றும், ஆங்கிலச் சொல்லால் 'சியர்லீடிங்' என்றும் குறிக்கப்படுவது இந்த ஆட்டமே. கோலாட்டம், சிலம்பம், பரதம் ஆகியவற்றின் ஒத்திகைகளும் இதே திடலில், இதே வேளையில் நடைபெறுவது உண்டு.

வேலியோரத்தில் சில தாய்மார் நிற்பர். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சில தந்தையர் எட்டிப் பார்ப்பர். "உள்ளே வந்து பார்க்கலாமா, சார்?" என்று ஒருவர் கேட்பார். "பழகும்போது வேண்டாம் ஐயா, விழாவன்று வந்து பாருங்கள்" என்பார் ஆசிரியர். கேட்டவர் முகம் வாடும். ஆசிரியரும் மனநிறைவோடு அப்படிச் சொல்வதில்லை.

சிறு நிகழ்ச்சிதான். எனினும் அதனுள் பெரிய வினா ஒன்று அடங்கியிருக்கிறது. பிள்ளை பழகுவதைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா? அவர்கள் பார்ப்பது பிள்ளைக்கு நன்மையா, தீமையா? இதனை ஆசிரியர் பக்கம் நின்றோ பெற்றோர் பக்கம் நின்றோ வழக்காடாமல், பிள்ளையின் பக்கம் நின்று ஆராய்வதே முறை.

ஆட்டத்தின் வரலாறு

உற்சாகக் குழு ஆட்டம் அமெரிக்காவில் பிறந்தது. 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த காற்பந்து ஆட்டமொன்றில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கம் எழுப்பி, மற்றவர்களையும் எழுப்பச் செய்தார். அதுவே இக்கலையின் தொடக்கம் எனக் கூறுவர். தொடக்கத்தில் இது ஆடவர் மட்டுமே ஈடுபட்ட ஒன்று. அதே பல்கலைக்கழகத்தில் பெண்களும் இதில் சேர்ந்தது 1923-இல். 1948-இல் லாரன்ஸ் ஹெர்க்கிமர் என்பவர் டெக்சாஸ் மாநிலத்தில் முதல் பயிற்சி முகாமை நடத்தினார். நாளடைவில் முழக்கத்தோடு நடனம், குட்டிக்கரணம், ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறும் மனிதக் கூம்பு ஆகியனவும் சேர்ந்தன. 2021-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இவ்வாட்டத்தின் உலகச் சங்கத்திற்கு முழு அங்கீகாரம் அளித்தது.

இப்போது இது வெறும் கைதட்டல் அன்று. உடலை வருத்தும் விளையாட்டு. தூக்குபவர், தாங்குபவர், ஏறுபவர் என மூவகைப் பணி இதில் உண்டு. ஒருவர் கவனம் சிதறினாலும் மற்றொருவர் கீழே விழுவார். இத்தன்மையை மனத்தில் வைத்தே மேற்கண்ட வினாவை அணுக வேண்டும்.

அன்றைய திடலும் இன்றைய திடலும்

தோட்டப் பள்ளிகளின் பழைய நிலையை அறிந்தவர்களுக்கு இந்த வினாவே புதுமையாகத் தோன்றும். அந்நாளில் இத்தகைய கேள்விக்கு இடமே இருந்ததில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் லயங்களுக்கு அருகிலேயே இருந்தன. சிலாங்கூர் ரிவர் தோட்டமாயினும், ராஜா மூசா, புக்கிட் ரோத்தான், கோல்பீல்ட்ஸ், துவான் மீ ஆகிய தோட்டங்களாயினும், பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே நெடுந்தொலைவு இல்லாத வாழ்க்கையே பொதுவழக்கு. விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வாளியோடு திரும்பும் தாய், வழியிலேயே பள்ளித் திடலைக் கடப்பாள். மகள் கும்மி பழகுவதை நின்று பார்ப்பாள். பிறகு அடுப்பு மூட்டப் போவாள். அவளை யாரும் உள்ளே அழைக்கவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. திடலுக்குக் கதவு இருந்தால்தானே திறப்பதும் அடைப்பதும்!

ஆனால் அதே காலத்தில் பள்ளி நிருவாகத்தில் அந்தத் தாய்க்குக் குரல் இருந்ததில்லை. பள்ளி துரையின் ஆதரவில் நடந்தது. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியராகவும் இருந்தார். பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. அதுதான் அன்றைய நிலை.

இன்று இது தலைகீழாக மாறியிருக்கிறது. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துக் குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயாவிற்கும் (2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை), ஈஜோக்கிற்கும், ரவாங்கிற்கும், இன்னும் தொலைவிற்கும் பெயர்ந்தன. தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். தாய் வேறோர் ஊரில் பணிபுரிகிறார். பிள்ளை பள்ளி வேனில் போய் வருகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். ஆனால் வழியில் நின்று பார்க்கும் அந்தப் பழைய வாய்ப்புப் போய்விட்டது. கேட்க முடிகிறது, பார்க்க முடியவில்லை.

ஆகவே "உள்ளே வரலாமா?" என்று வேலியோரத்தில் எழும் குரல், தொலைந்துபோன அந்தப் பார்வையைத் திரும்பக் கேட்கும் குரலேயாகும். இதை உணராத ஆசிரியர் அதைத் தலையீடு என எண்ணிவிடுவார்.

பார்ப்பவர் இருந்தால் என்ன ஆகிறது?

ஆசிரியர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. "பெற்றோர் நின்றால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்" என்பது பயிற்சி நடத்துவோர் அனைவரும் சொல்லும் சொல். இதை உளநூல் அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர்.

ஜானி கேம்பெல் முழக்கமிட்ட அதே 1898-இல், நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மிதிவண்டி வீரர்கள் தனியே ஓட்டும்போதைவிடப் பிறரோடு ஓட்டும்போது விரைவு மிகுந்திருப்பதைக் கண்ட அவர், நாற்பது சிறுவர் சிறுமியரை நூலுருளை சுற்றச் செய்து பார்த்தார். அருகில் இன்னொருவர் சுற்றியபோது ஏறத்தாழப் பாதிப்பேர் வேகம் கூடினர். கால் பங்கினர் பதறி வேகம் குறைந்தனர். எஞ்சியவர்க்கு மாற்றமில்லை. பிறர் அருகிருப்பது சிலருக்கு ஊக்கம், சிலருக்கு இடையூறு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்பது மட்டும் விளங்கவில்லை.

அந்தப் புதிரை 1965-இல் ராபர்ட் சையான்ஸ் என்ற உளநூல் அறிஞர் அவிழ்த்தார். அவர் கருத்தை இவ்வாறு விளக்கலாம். பிறர் பார்க்கும்போது உடலில் ஒரு கிளர்ச்சி உண்டாகிறது. அக்கிளர்ச்சி, ஒருவருக்கு மிகவும் பழகிப்போன செயலை மேலே தள்ளிவிடுகிறது. நன்கு பழகியவருக்குப் பழகிய செயல் எது? சரியான செயல். ஆகவே அவர் மேலும் நன்றாகச் செய்வார். இன்னும் பழகாதவருக்குக் கைவந்த செயல் எது? பிழையான செயல். ஆகவே அவர் மேலும் பிழை செய்வார். பார்வை ஒன்றே, விளைவு இரண்டு.

1969-இல் சையான்சும் அவர்தம் துணைவர்களும் கரப்பான் பூச்சிகளைக் கொண்டும் இதைச் சோதித்தனர். நேரான பாதையில் ஓட விட்டபோது, மற்றக் கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அது விரைவாக ஓடியது. திருப்பமுள்ள பாதையில் விட்டபோது, பார்வையாளர் இருந்தால் அது தாமதமாகவே வழி கண்டது. மானமும் வெட்கமும் அறியாத பூச்சிக்கே இந்நிலை என்றால், தாயின் முகத்தைப் பார்த்தே வளரும் பத்து வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மனிதரிடம் நடந்த சோதனையும் உண்டு. 1982-இல் ஜேம்ஸ் மைக்கேல்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பில்லியர்ட்ஸ் ஆட்டக்கூடமொன்றில் ஆடுவோரை மறைவாகக் கவனித்தனர். தேர்ந்தவர்கள் நூற்றுக்கு 71 அடிகளைச் சரியாக அடித்தனர்; தேராதவர்கள் 36. பின்னர் நால்வர் அருகே சென்று நின்று பார்த்தனர். தேர்ந்தவர்களின் எண் 80-ஆக உயர்ந்தது. தேராதவர்களின் எண் 25-ஆகத் தாழ்ந்தது.

உற்சாகக் குழுவின் பயிற்சிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். புதிய அடவைக் கற்கும் முதல் வாரத்தில் பிள்ளை இன்னும் தேராதவன். அப்போது பத்துப் பெற்றோர் சூழ்ந்து நின்றால் பிழை மிகும். விழாவிற்கு முந்திய வாரத்தில் அடவு கைவந்துவிடும். அப்போது பெற்றோர் நின்றால் ஆட்டம் மெருகேறும். அதுமட்டுமன்று; கூட்டத்தின் முன் ஆடிப் பழகாத பிள்ளை விழாவன்று திகைத்துவிடும். ஆகவே கடைசி நாட்களில் பார்வையாளர் இருப்பது பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும்.

இதோடு நிறுத்திவிட்டால் ஆசிரியரின் தயக்கத்திற்கு வெற்றி கிடைத்ததுபோல் ஆகிவிடும். ஆனால் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1983-இல் சார்லஸ் பாண்டு, லிண்டா டைட்டஸ் என்னும் இருவர் இத்துறையில் நடந்த 241 ஆய்வுகளை ஒன்று சேர்த்து எடை போட்டனர். பிறர் இருப்பதால் வரும் மாற்றம் உண்மையே. ஆயினும் அது மிகச் சிறிது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒருவர் செயலில் காணும் ஏற்றத்தாழ்வில் நூற்றில் மூன்று பங்குக்குமேல் அதற்குக் காரணம் கற்பிக்க முடியவில்லை. வாயில் நிற்கும் தாயைத் திருப்பியனுப்ப அந்த அளவு போதுமா என்பதே கேள்வி.

கண் செய்வதும் வாய் செய்வதும்

ஆசிரியர்கள் அஞ்சுவது உண்மையில் பெற்றோரின் கண்ணுக்கன்று, வாய்க்கே. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காததால்தான் சிக்கல் எழுகிறது.

பயிற்சியாளர் "மெதுவாக, எண்ணிக்கொண்டு ஏறு" என்கிறார். வேலிக்கு அப்பாலிருந்து "சீக்கிரம் ஏறுடா!" என்ற குரல் வருகிறது. பிள்ளை யார் சொல் கேட்பது? ஆசிரியர் சொல்லைக் கேட்டால் வீட்டில் ஏச்சு. அப்பா சொல்லைக் கேட்டால் திடலில் ஏச்சு. இரண்டு எசமானருக்கு ஊழியம் செய்யும் நிலை அது. மற்ற விளையாட்டில் இதனால் ஓர் அடி பின்தங்குவதோடு போகும். மனிதக் கூம்பில், ஏறும் நேரத்தில் ஒருவன் திரும்பிப் பார்த்தாலே மேலே இருப்பவளுக்கு ஆபத்து.

ஒப்பிட்டுப் பேசும் பேச்சும் தீங்கானது. "அந்தப் பிள்ளை எப்படி ஆடுகிறாள் பார், நீயும் இருக்கிறாயே!" என்று வீடு திரும்பும் வழியில் சொல்லப்படும் ஒரு சொல், மறுநாள் அந்தப் பிள்ளையை வயிற்றுவலி என்று பொய் சொல்ல வைத்துவிடும். பயிற்சி என்பது பிழை செய்ய அனுமதி பெற்ற நேரம். பிழைக்கு அங்கே விலை இருக்கக் கூடாது.

இன்னொரு துன்பமும் உண்டு. பெற்றோர் வர முடியாத பிள்ளைகளின் துன்பம் அது. பத்துப் பேரின் தாய்மார் வந்து நிற்கையில், இரவு வேலைக்காரரின் மகனும், பாட்டியிடம் வளரும் மகளும் வேலியைப் பார்த்துப் பார்த்து ஏமாறுவர். பார்க்க வரும் பெற்றோர் தம் பிள்ளைக்கு மட்டும் குடிநீரும் பலகாரமும் கொண்டுவந்தால் அந்த ஏமாற்றம் இரட்டிக்கும். பழைய லயத்து வழக்கம் வேறு. அங்கே திடலில் நின்ற அத்தையும் பெரியம்மாவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தையும் பெரியம்மாவுமாகவே இருந்தனர். அந்தப் பண்பு திரும்பினால் வராத பெற்றோரின் பிள்ளைக்கும் ஒரு கைதட்டல் கிடைக்கும்.

மூடிய கதவின் ஆபத்து

இனி மறுபக்கம். பெற்றோரை முற்றும் விலக்கி வைப்பதால் என்ன கேடு?

முதலாவது, உடற்காயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் இந்த ஆட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்கு அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் விளையாட்டால் நேர்ந்த மிகக் கொடிய காயங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த ஆட்டத்தால் நேர்ந்தவை என்று அது கூறியது. கடினமான தரையிலும், ஈரமான தரையிலும், மேடு பள்ளமான தரையிலும் தூக்கும் அடவுகளைச் செய்யக் கூடாது என்றும் எச்சரித்தது. மதிய மழைக்குப்பின் வழுக்கும் புல்திடலையும், சிமெண்டுச் சபைக்கூடத்தையும் பயன்படுத்தும் பள்ளிகள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஜப்பான் நாட்டில் நடந்ததும் ஒரு பாடம். அங்குப் பள்ளி விளையாட்டு விழாக்களில் மாணவர்கள் மனிதக் கூம்பு அமைப்பது நெடுநாள் வழக்கம். கூட்டத்தின் கைதட்டலுக்காகக் கூம்புகள் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போயின. 2015-இல் ஒசாக்கா மாநிலத்தைச் சேர்ந்த யாவோ நகரில் பத்து அடுக்குக் கூம்பு ஒன்று விழா நடுவிலேயே சரிந்தது. மாணவர் காயமுற்றனர், ஒருவரின் கை முறிந்தது. இத்தகைய ஆட்டங்களால் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக்கு எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாகி வந்தன. 2016-இல் அரசாங்கம் பள்ளிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஒசாக்கா நகரம் தன் பள்ளிகளில் கூம்பையே தடை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விழாவன்று மட்டும் வரும் பெற்றோர் ஒளியை மட்டுமே காண்கின்றனர், கை தட்டுகின்றனர், அந்தக் கைதட்டலே அடுத்த ஆண்டு இன்னோர் அடுக்கை ஏற்றச் சொல்கிறது. பயிற்சி நாட்களில் வந்து பார்ப்பவர்கள் விழுவதையும், முழங்கால் தேய்வதையும், கீழடுக்குப் பிள்ளையின் முதுகு வளைவதையும் காண்பர். "இத்தனை உயரம் வேண்டுமா?" என்று கேட்க அவர்களால்தான் முடியும்.

இரண்டாவது ஆபத்து சொல்லக் கூசுவது. எனினும் சொல்லாமல் விடக் கூடாதது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் என்பவர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமியரையும் இளம் பெண்களையும் பல ஆண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். 2016-இல் ஒரு நாளேடு இதை வெளிக்கொணர்ந்தது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தது. 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தம் துயரை எடுத்துரைத்தனர். டெக்சாஸ் மாநிலத்தில் ஒதுக்குப்புறத்தில் இருந்த தேசியப் பயிற்சி முகாமிற்குள் பெற்றோர் வரக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த விதி கொடுமையாளருக்கு வேலியாக அமைந்துவிட்டது.

ஆனால் இதிலேயே இன்னோர் உண்மையும் உண்டு. சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே அவர் தம் உடலால் மறைத்துக்கொண்டு குற்றம் புரிந்தார் என்பதும் வழக்கில் வெளிவந்தது. ஆகவே பெற்றோர் ஒருவர் உட்கார்ந்திருப்பது மட்டுமே காப்பாகிவிடாது. பிள்ளை சொன்னால் நம்பும் மனமும், கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும். இந்நிகழ்ச்சிக்குப்பின் அமெரிக்காவில் வகுத்த விதிகளுள் ஒன்று எளியது, எங்கும் பொருந்துவது: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்க நேரும் எந்தச் சந்திப்பும் பிறர் கண்ணில் படக்கூடியதாகவும், பிறர் குறுக்கிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மலேசியாவிலும் சட்டம் விழித்துக்கொண்டிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. ஆசிரியர், பயிற்சியாளர் போன்ற நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்போர் குற்றம் புரிந்தால் தண்டனை கூடும். குற்றம் நடந்தது தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றமே. திறந்த திடலில் பழக்கும் நல்லாசிரியருக்கு இச்சட்டத்தால் அச்சமில்லை. பலர் கண் முன் பழக்குவது பிள்ளைக்கு மட்டுமன்றி, வீண்பழியிலிருந்து ஆசிரியருக்கும் காப்பு.

மாதவியின் ஏழாண்டு

"நம் முன்னோர் ஒத்திகையை யாருக்கும் காட்டியதில்லை, அரங்கேற்றத்தன்றுதான் காட்டினர்" என்று சிலர் வாதிப்பர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அவர்கள் சான்று காட்டுவர். ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என்பது காப்பியச் செய்தி.

ஆனால் அக்காதையை முழுவதும் படிப்போர் வேறொன்றையும் காண்பர். மாதவிக்கு ஆசான் ஒருவர் அல்லர். ஆடலாசான், இசையாசான், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என அறுவரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கிறார். அந்தப் பயிற்சி ஊரார்க்கு மறைந்திருந்திருக்கலாம். ஒருவர் கைக்குள் அடங்கியதன்று. பிழை செய்யும் உரிமைக்காக ஊர்க்கண்ணிலிருந்து விலகியிருப்பது ஒன்று. ஒரே ஒரு பெரியவரின் ஆளுகைக்குள் யாரும் காணாமல் இருப்பது வேறொன்று. முன்னதற்கே பழந்தமிழ் மரபில் சான்று உண்டு.

நடைமுறைக்கு ஏற்ற நெறி

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு வழி தெளிவாகிறது. பார்க்கும் உரிமை எந்நாளும் பெற்றோருக்கு இருக்க வேண்டும். அருகில் வந்து நிற்கும் உரிமைக்கு மட்டும் கால அளவு வைக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கூடிப் பேசிச் சில விதிகளை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

முதலாவது, திடலின் ஓரத்தில், பிள்ளைகளின் பார்வைக்கு நேர் எதிரே அமையாத ஓரிடத்தில், நிழலில் சில இருக்கைகள் போடலாம். எந்தப் பெற்றோரும் எந்தப் பயிற்சி நாளிலும் முன்னறிவிப்பின்றி வந்து அங்கே அமரலாம். "இன்று யாரும் வரக் கூடாது" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்ல வேண்டிய பயிற்சி இருக்குமானால் அந்தப் பயிற்சியிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

இரண்டாவது, அங்கே அமர்வோர் பயிற்சி நேரத்தில் குரல் கொடுப்பதில்லை. கேட்க வேண்டியதைப் பயிற்சி முடிந்தபின் ஆசிரியரிடம், பிள்ளைகள் இல்லாதபோது கேட்பர். ஆபத்தைக் கண்டால் மட்டும் உடனே "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். அதற்கு யாரும் வருந்தலாகாது.

மூன்றாவது, புதிய அடவுகள் கற்பிக்கும் முதல் வாரங்களில் கூட்டமாக வருவதைத் தவிர்க்கலாம். நாளுக்கு இரண்டு மூன்று பெற்றோர் முறை வைத்து வந்தால், பிள்ளைகளுக்குப் பதற்றமும் இராது, பெரியவர் கண்ணும் இருக்கும். விழாவிற்கு முந்திய வாரத்தில் இரண்டு நாள் எல்லாரையும் அழைத்து முழு ஒத்திகை காட்டலாம். ஒரு நாளையாவது வேலைக்குப் போவோர் வரக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, கைத்தொலைபேசியில் படம் பிடித்தல். இது பழைய நாளில் இல்லாத தொல்லை. ஒருவர் தம் மகளைப் படமெடுக்கும்போது பிறர் மகளும் அதில் விழுகிறாள். விழுந்து எழும் காட்சி ஊர் முழுதும் பரவினால் அந்தப் பிள்ளையின் மானம் போகும். வளரும் பருவப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய துன்பம் என்பதைத் தாய்மார் அறிவர். ஆகவே பயிற்சியில் படம் கூடாது. விழாவன்று எடுக்கலாம் என்பது விதியாகட்டும்.

ஐந்தாவது, வருபவர் பள்ளிப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். பெற்றோர்க்கும் காப்பாளர்க்கும் மட்டுமே இவ்வுரிமை. வேலியோரத்தில் நிற்கும் அயலார் எல்லாரும் பெற்றோர் அல்லர்.

ஆறாவது, பிள்ளைகளையும் கேட்க வேண்டும். "அம்மா வந்து பார்த்தால் உனக்கு எப்படி இருக்கிறது?" என்று தனித்தனியே கேட்டால் சிலர் மகிழ்ச்சி என்பர், சிலர் கூச்சம் என்பர். கூச்சப்படும் பிள்ளையின் தாய் ஓரிரு வாரம் சற்றுத் தள்ளி அமரலாம். பார்வை விலகுவதன்று, தொலைவு மாறுவதே இது. ஆனால் ஒரு பிள்ளை திடீரெனப் பயிற்சிக்கே போக மறுத்தால், அதைக் கூச்சம் என்று தள்ளிவிடாமல் காரணத்தைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

ஆசிரியர் மனமும் பெற்றோர் மனமும்

பெற்றோர் பார்ப்பதைத் தம்மீது வைத்த ஐயம் என்று எண்ணும் ஆசிரியர் சிலர் உண்டு. மாலை நேரத்தில் கூலி எதிர்பாராமல் பழக்குபவர்க்கு அந்த வருத்தம் இயற்கையே. ஆயினும் சமையற்கட்டு திறந்திருக்கும் உணவுக்கடையில்தான் மக்கள் மனமொப்பி உண்கின்றனர். சமைப்பவரை அவமதிக்க யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தவரே பிறகு ஆசிரியரின் உழைப்பை ஊருக்கு எடுத்துச் சொல்வார். ஒரே அடவை முப்பது முறை சொல்லிக் கொடுக்கும் பொறுமையை விழாவன்று வருபவர் எப்படி அறிவார்?

பெற்றோரும் ஒன்றை நினைக்க வேண்டும். பயிற்சியில் அவர்கள் காண்பது முடிந்த சித்திரமன்று. கோடு போட்டு அழித்துக்கொண்டிருக்கும் பலகை. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. வீடு திரும்பும் வழியில் பிள்ளையிடம் சொல்ல ஒரு சொல் போதும்: "இன்று நீ பழகியதைப் பார்த்தேன்." நன்றாக ஆடினாய் என்றும் சொல்ல வேண்டாம், ஆடவில்லை என்றும் சொல்ல வேண்டாம்.

அந்நாளில் பால்வாளியோடு திடலைக் கடந்த தாய் செய்தது அவ்வளவே. நின்றாள், பார்த்தாள், போனாள். அவள் பார்த்தது பிள்ளைக்குத் தெரியும். திடலில் இருந்த பெரியவர்களுக்கும் தெரியும். அந்த எளிய காவல் லயத்தோடு மறைந்துபோக வேண்டியதில்லை. பள்ளித் திடலின் ஓரத்தில் நான்கு நாற்காலிகளைப் போட்டால் அது மீண்டும் வந்துவிடும்.